மை நம்பர் கார்டும் கொன்பினி சான்றிதழ் இயந்திரமும்: முழு மதிப்புரை

ஜப்பானில் நகராட்சிக் கவுண்ட்டர்கள் மாலை 5 மணி வாக்கில் மூடிவிடும். சனி, ஞாயிறு பெரும்பாலும் திறப்பதில்லை. ஆனால் அங்கே கிடைக்கும் அதே குடியிருப்புச் சான்றை, காலை 6.30 முதல் இரவு 11 மணி வரை தெருமுனையில் இருக்கும் செவன் இலெவன், லாசன், ஃபேமிலிமார்ட் போன்ற கொன்பினி எனப்படும் சிறு கடைகளின் நகல் இயந்திரத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். கையில் மை நம்பர் கார்டும் (குடியிருப்பவருக்கு அரசு தரும், சிப் வைத்த அடையாள அட்டை), அதன் 4 இலக்க பின் நம்பரும் இருந்தால் போதும். டிசம்பர் 29 முதல் ஜனவரி 3 வரையிலும், பராமரிப்பு நாட்களிலும் மட்டும் சேவை இல்லை.

சேவையாகப் பார்த்தால் இதைக் குறை சொல்வது கஷ்டம். ஜப்பானின் தொழில்நுட்பத்தைப் பார்த்து அந்தச் சமூகமும் அதே அளவுக்கு முன்னே போய்விட்டது என்று நம்புகிறவர்கள், இயந்திரத்தோடு நிற்காமல் அது அச்சிட்டுத் தரும் காகிதத்தையும் ஒரு முறை வரி வரியாகப் படிக்க வேண்டும்.

முதலில் இயந்திரம். தொடுதிரையில் அரசுச் சேவைகள் என்ற பொத்தானை அழுத்தி, அதற்குள் சான்றிதழ் வழங்கலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரை சொன்னதும் கார்டை ரீடர் மேல் வைக்க வேண்டும். நகராட்சியைத் தேர்வு செய்து பின் நம்பரைப் போட்டதும், கார்டை எடுக்கச் சொல்லும். எடுத்தால்தான் அடுத்த திரை வரும். இந்தச் சின்ன ஏற்பாடு நல்ல வடிவமைப்பு. கார்டை அங்கேயே மறந்துவிட்டுப் போவது இதனால் குறைகிறது. மறந்துவிட்டுப் போவதெல்லாம் காகிதத்தைத்தான். அதன் பிறகு எந்தச் சான்று, தனக்கு மட்டுமா குடும்பம் முழுவதற்குமா, எத்தனை பிரதி என்று கேட்கும். காசு போட்டதும் அச்சாகும். கட்டணம் நகராட்சிக்கு நகராட்சி மாறும். பொதுவாக 200 முதல் 300 யென். கவுண்ட்டரை விடக் குறைவாக வைத்திருக்கும் ஊர்கள் நிறைய. கூட்டத்தை இங்கே திருப்புவதற்காக 10 யென்னுக்கே தரும் ஊர்களும் உண்டு. 1,700-க்கும் மேற்பட்ட நகராட்சிகளில் பெரும்பாலானவை சேர்ந்துவிட்டன, ஆனால் எல்லாமே அல்ல. உங்கள் ஊர் பட்டியலில் இருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது.

தப்பு நடப்பது தேர்வுத் திரையில்தான். என்னென்ன விவரங்கள் அச்சாக வேண்டும் என்று அது ஒவ்வொன்றாகக் கேட்கும்: குடும்பத் தலைவர் பெயரும் உறவும், மை நம்பர் என்ற 12 இலக்க அடையாள எண், வெளிநாட்டவர் என்றால் குடியுரிமை, விசா வகை, தங்கும் காலம், வசிப்பு அட்டை எண். வீட்டு வாடகை ஒப்பந்தத்துக்கும் வண்டி வாங்குவதற்கும் மை நம்பர் அச்சான சான்றைக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். சட்டப்படி வாங்கவும் கூடாது. நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கும்போது மை நம்பரைத் தவிர மற்ற எல்லா விவரமும், குடும்பத்தில் உள்ள எல்லாரும் அதில் இருக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "வேண்டாம்" என்று அழுத்திவிட்டால் வருவது பயனில்லாத தாள். அச்சான பிறகு காசு திரும்பாது, மாற்றியும் தர மாட்டார்கள். கட்டண விலக்கு உள்ளவர்களுக்கும் இயந்திரத்தில் அந்த விலக்கு கிடையாது.

வருமானச் சான்றோ குடியிருப்போர் வரிச் சான்றோ எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குடியிருப்போர் வரி, அந்த ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி எந்த ஊரில் பதிவாகியிருந்தீர்களோ அந்த ஊருக்குரியது. பிப்ரவரியில் வீடு மாறியிருந்தால், புதிய ஊரின் பெயரில் இயந்திரம் அந்தச் சான்றைத் தராது. பழைய ஊருக்குத் தபால் எழுத வேண்டியதுதான்.

வெளியே வருவது சாதாரண ஏ4 தாள். பாதுகாப்பு முழுவதும் அச்சில் இருக்கிறது. நகலெடுத்தால் அது நகல் என்று காட்டும் எழுத்து பின்னணியில் எழும்பும். பின்பக்கத்தில் கலைத்துப்போட்ட ஒரு படம் இருக்கும். அதை ஸ்கேன் செய்து சரிபார்ப்புத் தளத்தில் ஏற்றினால் மூலப்பிரதியின் உள்ளடக்கம் தெரியும், திருத்தியிருந்தால் பிடிபடும். பல பக்கச் சான்று என்றால் பின் அடித்து வராது. பக்க எண்ணைப் பார்த்து நாமே ஒழுங்குபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த விலைக்கு, இந்த நேரத்தில், வரிசையில் நிற்காமல் இவ்வளவு பாதுகாப்பான ஆவணம் கிடைப்பது பெரிய விஷயம்.

இனி அந்த இயந்திரம் எதையெல்லாம் அச்சிடுகிறது என்று பாருங்கள். பட்டியலில் குடியிருப்புச் சான்றுக்கு அடுத்து நிற்பது முத்திரைப் பதிவுச் சான்று. அதாவது மரத்திலோ கொம்பிலோ செதுக்கிய ஒரு சின்ன முத்திரை இன்னாருடையதுதான் என்று நகராட்சி உறுதி சொல்லும் தாள். மின்னணுக் கையொப்பம் போடக்கூடிய சிப் அதே கார்டில்தான் இருக்கிறது. அந்தச் சிப்பைக் காட்டி, முத்திரைக்குச் சான்று வாங்கி, அதைக் காகித ஒப்பந்தத்தோடு இணைத்து, மேலே முத்திரை குத்துகிறார்கள். 2020-இல் நிர்வாகச் சீர்திருத்த அமைச்சராக இருந்த கோனோ தாரோ, சுமார் 15,000 அரசு நடைமுறைகளில் 83 போக மீதி எல்லாவற்றிலும் முத்திரையை ஒழிக்கப்போவதாக அறிவித்தார். எஞ்சிய அந்த 83-தான் வாழ்க்கையில் பெரிய காரியங்கள்: நிலப் பதிவு, வண்டிப் பதிவு போன்றவை. ஃப்ளாப்பி டிஸ்கில் தரச் சொல்லும் விதிகள் ஏறக்குறைய முழுவதுமாக நீங்க 2024 வரை ஆனது.

நம்மவர்கள் முத்திரை பதிவு செய்யும்போது தடுக்குவது பெயரில். பக்க அளவு 8 மில்லிமீட்டருக்கு மேலும் 25 மில்லிமீட்டருக்குள்ளும் இருக்க வேண்டும். ரப்பர் முத்திரையும், மை தானே ஊறும் வகையும் செல்லாது. பெயர் குடியிருப்புப் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும். முழுப் பெயர் தேவையில்லை, ஒரு பகுதி போதும். கத்தகனா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் செதுக்குவதாக இருந்தால் அதே கத்தகனா வடிவம் பதிவின் குறிப்புப் பகுதியில் முதலில் ஏற வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் செதுக்கிக்கொண்டு போகிறவர்கள் கவுண்ட்டரிலிருந்து திரும்பி வருகிறார்கள். முதலில் குறிப்பில் ஏற்றுங்கள், பிறகு கடைக்குப் போங்கள்.

பின் நம்பர் பகுதியில் எச்சரிக்கை தேவை. கார்டில் இருப்பது ஒரு கடவுச்சொல் இல்லை, நான்கு. மூன்று 4 இலக்க எண்கள். ஒன்று, மின்னணுக் கையொப்பத்துக்கு 6 முதல் 16 எழுத்துகளும் எண்களும் கலந்தது. 4 இலக்கத்தை மூன்று முறை தப்பாகப் போட்டால் பூட்டிக்கொள்ளும். கையொப்பத்துக்கு ஐந்து முறை. கார்டு பெரியவர்களுக்குப் பத்தாண்டு செல்லும், ஆனால் உள்ளே இருக்கும் மின்னணுச் சான்று ஐந்தாண்டில் காலாவதியாகும். கார்டின் மேல் பெரிதாக அச்சான தேதியைப் பார்த்து நிம்மதியாக இருப்பவர்கள் இதில்தான் மாட்டுவார்கள்.

வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்தாண்டுக் கணக்கே இல்லை. தங்கும் காலம் முடியும் நாளில் கார்டும் முடியும். குடிவரவு அலுவலகம் விசாவை நீட்டித்தாலும் கார்டு தானாக நீளாது. புதிய வசிப்பு அட்டையோடு, பழைய தேதி கடப்பதற்குள் நகராட்சிக்குப் போக வேண்டும். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருந்தால், அட்டையின் பின்பக்கத்தில் உள்ள "விண்ணப்பம் நிலுவையில்" என்ற முத்திரையைக் காட்டி இரண்டு மாத நீட்டிப்பு வாங்கலாம். தேதி தாண்டிவிட்டால் புதிய கார்டுக்கு 1,000 யென், அதோடு வாரக்கணக்கில் காத்திருப்பு.

இயந்திரம் தவறவே தவறாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 2023 மார்ச் 27 அன்று யோகோஹாமாவில் சான்று எடுக்க வந்தவர்கள் கைக்கு வேறொருவருடைய சான்று வந்தது. கூட்டம் அதிகமாகி அச்சுப்பணி தாமதமானபோது, கோப்பைப் பூட்டி வைத்திருந்த நேர வரம்பு முடிந்து பூட்டு திறந்துகொண்டது; முன்னவரின் கோப்பு பின்னவரின் இயந்திரத்துக்குப் போய்விட்டது. அதே ஆண்டு மே மாதம் கவாசாகியில் இன்னொரு வகை: ஒரே வினாடிக்குள் இருவர் விண்ணப்பித்தபோது பிந்தைய கோரிக்கை முந்தையதன் மேல் எழுதிவிட்டது. இரண்டும் ஃபுஜித்ஸு ஜப்பான் நிறுவனத்தின் மென்பொருள்; நிறுவனமே காரணத்தை வெளியிட்டது. கணினி படிக்கும் மாணவருக்கு இரண்டாம் ஆண்டில் சொல்லித்தரும் பிழை இது. பிறகு சேவையை நிறுத்திச் சோதித்துத்தான் மீண்டும் திறந்தார்கள்.

அதை விடச் சுவாரசியமானது வங்கிக் கணக்குக் குளறுபடி. அரசு உதவித்தொகை வாங்கும் கணக்கைக் கார்டோடு இணைக்கச் சொன்னார்கள். குழந்தையின் கார்டுக்குப் பெற்றோர் தங்கள் கணக்கைக் கொடுத்தது போன்ற, குடும்பத்தில் வேறொருவருடைய கணக்கு என்று தோன்றும் பதிவுகள் மட்டும் சுமார் 1,30,000 என்று 2023 ஜூனில் தெரியவந்தது. இதைக் கணினி ஏன் தடுக்கவில்லை? வங்கியில் பெயர் கத்தகனாவில் இருக்கிறது, குடியிருப்புப் பதிவில் சீன வழி எழுத்தான காஞ்சியில் இருக்கிறது. ஒரே காஞ்சியைப் பலவிதமாக வாசிக்கலாம். தன் குடிமக்களின் பெயரை எப்படி உச்சரிப்பது என்பதற்கு அப்போது அரசிடம் சட்டப்பூர்வமான பதிவே இருக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வழியில்லாமல் போனது அதனால்தான். குடும்பப் பதிவேட்டில் உச்சரிப்பைச் சேர்க்கும் சட்டம் 2025 மே 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. ரோபோவுக்குப் பெயர் பெற்ற நாடு, சிப்பில் கை வைத்து ஒன்பது ஆண்டு கழித்து இந்த அடித்தளத்தைப் போட்டிருக்கிறது.

இனி காகிதத்துக்கு வருவோம். குடும்பம் முழுவதற்கும் எடுத்த சான்றில் முதல் பெயர் குடும்பத் தலைவருடையது. மற்ற எல்லாரும் அவருக்கு என்ன உறவு என்பதால் அறியப்படுகிறார்கள்: மனைவி, பிள்ளை, தாய். குடும்பத் தலைவருக்கு வீட்டார் மேல் அதிகாரம் கொடுத்த பழைய இல்ல முறையைச் சட்டம் 1948-லேயே நீக்கிவிட்டது. ஆனால் பதிவேட்டில் தலைவர் என்ற நாற்காலி அப்படியே இருக்கிறது. பெண்ணும் தலைவராகலாம், தடையில்லை. தம்பதி என்றால் பெரும்பாலும் கணவர் பெயர்தான் அங்கே போகிறது.

அது வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிட முடியாது என்பதை 2020 காட்டியது. கொரோனா உதவியாக ஆளுக்கு 1,00,000 யென் அறிவித்தார்கள். ஆளுக்கு என்றாலும், பணம் போனது குடும்பத் தலைவரின் கணக்குக்கு. அடிதடிக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியேறி, முகவரியை மாற்றாமல் ஒளிந்திருந்த பெண்கள் தங்கள் பங்கைத் தனியாகப் பெறத் தனி மனு கொடுக்க வேண்டியிருந்தது. இணையவழி விண்ணப்பத்துக்கு மை நம்பர் கார்டு கேட்டதால், கடவுச்சொல் மறந்தவர்கள் நோய்த்தொற்றுக் காலத்தில் நகராட்சிக் கூடத்தில் கூட்டமாக நின்றார்கள். உள்ளே ஊழியர்கள் இணையத்தில் வந்த விண்ணப்பங்களைத் தாளில் அச்செடுத்துப் பதிவேட்டோடு கண்ணால் ஒப்பிட்டார்கள். தாங்க முடியாமல் இணையவழியை நிறுத்திவிட்டு, தபாலில் அனுப்புங்கள் என்று சொன்ன ஊர்கள் பல. தொழில்நுட்பம் பழுதானதால் வந்த வினை இதில் பாதிதான். மறுபாதி, பணத்தை யார் கையில் கொடுப்பது என்று முன்பே முடிவு செய்துவைத்திருந்த விதியில் இருந்தது.

அடுத்த வரி குடும்பப் பெயர். ஜப்பானியச் சிவில் சட்டத்தின் 750-ஆம் பிரிவுப்படி மணமக்கள் இருவரில் ஒருவர் தன் குடும்பப் பெயரை விட்டுவிட வேண்டும். யார் என்று சட்டம் சொல்லவில்லை. விடுபவர்களில் ஏறத்தாழ 95 சதவீதம் பெண்கள். உச்ச நீதிமன்றம் 2015-லும் 2021-லும் இந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணில்லை என்று தீர்ப்பளித்தது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. குழு 2003 முதல் 2024 வரை நான்கு முறை மாற்றச் சொல்லிப் பரிந்துரைத்தது. பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான கெய்தான்ரென்கூட, இது வணிகத்துக்கே இடைஞ்சல் என்று 2024 ஜூனில் விருப்பத் தேர்வு கேட்டது.

கார்டு இதை எப்படிச் சமாளிக்கிறது? பெயர் மாறினால் 14 நாளுக்குள் நகராட்சிக்குப் போக வேண்டும். கார்டின் முகப்பில் கீழே உள்ள குறுகலான கட்டத்தில் புதிய பெயரைப் பொடி எழுத்தில் சேர்ப்பார்கள். மின்னணுக் கையொப்பச் சான்று பெயர் மாறியதுமே தானாகச் செத்துவிடும். புதிதாக வாங்க வேண்டும். பிறகு ஓட்டுநர் உரிமம், பாஸ்போர்ட், வங்கி, கடன் அட்டை, தொழில் உரிமம் என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். 2019 நவம்பர் 5 முதல் பழைய குடும்பப் பெயரையும் கார்டில் சேர்த்து எழுதிக்கொள்ளலாம். நல்ல ஒட்டு வேலை, ஒட்டுதான். பாஸ்போர்ட்டில் பழைய பெயரை அடைப்புக்குறிக்குள் போட்டுத் தருவார்கள், ஆனால் சிப்பிலும் இயந்திரம் படிக்கும் வரியிலும் அது இருக்காது. ஆய்வுக் கட்டுரைகளைப் பழைய பெயரில் எழுதிய விஞ்ஞானி வெளிநாட்டு விமான நிலையத்தில் அதை விளக்கிக்கொண்டு நிற்பார்.

இங்கேதான் நம் குடும்பங்கள் நல்ல எடுத்துக்காட்டு. இந்திய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பா பெயர் இருக்கும். கணவருக்கு அவர் அப்பா பெயர், மனைவிக்கு அவர் அப்பா பெயரோ கணவர் பெயரோ, குழந்தைக்கு அதன் அப்பா பெயர். ஆஸ்பத்திரியில் கூப்பிடும்போது கணவரைக் கூப்பிட்டால் அவர் அப்பா பெயர் ஒலிக்கும். தோக்கியோவில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சான்றை எடுத்தால் மூவருக்கு மூன்று குடும்பப் பெயர்கூட வரிசையாக அச்சாகி வரலாம். இயந்திரம் ஒரு நொடிகூடத் தயங்காது. ஜப்பானியர் ஒருவர் வெளிநாட்டவரை மணந்தாலும் இதே கதைதான்: இருவரும் தத்தம் பெயரிலேயே இருக்கலாம், விரும்பினால் ஆறு மாதத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். மென்பொருளால் முடியும், அச்சுப்பொறியால் முடியும், பதிவேட்டாலும் முடியும். ஜப்பானியர் இருவர் மணந்தால் மட்டும் சட்டம் விடாது.

வெளிநாட்டவர் இந்தப் பதிவேட்டுக்குள் வந்ததே 2012 ஜூலை 9-இல்தான். அதற்கு முன் ஜப்பானியரை மணந்து இருபது ஆண்டு அதே வீட்டில் வாழ்ந்தவரும் குடும்பச் சான்றில் இருக்க மாட்டார். தனிப் பதிவு, தனி அட்டை. 2003 பிப்ரவரியில் யோகோஹாமாவின் நிஷி வட்டாரம், ஆற்றில் ஒதுங்கி ஊரெல்லாம் பிரபலமான தாமா-சான் என்ற கடல்நாய்க்குச் சிறப்புக் குடியிருப்புச் சான்று வழங்கியது. வரி கட்டியும் சான்று கிடைக்காத வெளிநாட்டவர்கள், முகத்தில் மீசை வரைந்துகொண்டு, எங்களுக்கும் கொடுங்கள் என்று தெருவில் நின்றார்கள். அந்தக் கோரிக்கை நடைமுறைக்கு வர ஒன்பதாண்டு ஆனது. ஆகவே மாறவே மாறாது என்று சொல்லவும் முடியாது.

இன்று அடுத்த உரசல் உறவுக் கட்டத்தில். 2024 மே மாதம் நாகசாகி மாவட்டத்தின் ஒமுரா நகராட்சி, ஆண் இணையர் ஒருவருக்கு "கணவர் (பதிவு செய்யாதவர்)" என்று உறவு குறித்துச் சான்று கொடுத்தது. பதிவுத் திருமணம் செய்யாத ஆண்-பெண் தம்பதிக்குக் காலங்காலமாகப் போடும் அதே குறிப்பு. உள்துறை நிர்வாக அமைச்சகம் முகம் சுளித்தது. ஒமுரா பின்வாங்கவில்லை, வேறு சில ஊர்களும் பின்தொடர்ந்தன. புதிய தொழில்நுட்பம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஏற்கெனவே இருந்த ஒரு வார்த்தையை இன்னொருவருக்கும் போட ஒரு மேயர் துணிந்ததுதான் தேவைப்பட்டது.

மருத்துவமனையில் கார்டு பரவாயில்லை ரகம். காகித, பிளாஸ்டிக் காப்பீட்டு அட்டைகளைப் புதிதாக வழங்குவதை 2024 டிசம்பர் 2-இல் நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதிலாக ரீடரில் மை நம்பர் கார்டை வைத்து முகத்தைக் காட்ட வேண்டும். அது சரியாக வராவிட்டால் 4 இலக்க எண். அரிய காஞ்சி எழுத்து உள்ள பெயர்களில் எழுத்துக்குப் பதில் கறுப்பு வட்டம் தோன்றும் குறை உண்டு. மறதி நோய் உள்ள முதியவர்கள் பின் நம்பரை வைத்துக்கொள்ள முடியாது என்பதால் எண்ணே இல்லாத கார்டு 2023 டிசம்பரில் வந்தது. அது மருத்துவமனையிலும், நேரில் அடையாளம் காட்டவும் உதவும், கொன்பினி இயந்திரத்தில் வேலை செய்யாது. கார்டே இல்லாதவர்களுக்குத் தகுதிச் சான்று ஒன்று தருகிறார்கள், பயப்பட வேண்டாம்.

குடும்ப வன்முறையிலிருந்து தப்பிப் பாதுகாப்பு ஏற்பாடு பெற்றவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. பல நகராட்சிகள் இவர்களுக்குக் கொன்பினி வழங்கலை நிறுத்திவைக்கும். அது பழுதல்ல, முகவரி கசியாமல் இருக்கச் செய்தது. கவுண்ட்டருக்குத்தான் போக வேண்டும். துணைவரின் கையில் உங்கள் கார்டு இருந்தாலோ, அவரை மைனா போர்ட்டலில் (கார்டோடு இயங்கும் அரசு இணையதளம்) பிரதிநிதியாக வைத்திருந்தாலோ, முதல் வேலையாகக் கார்டை முடக்கி, பிரதிநிதித்துவத்தை நீக்குங்கள். இல்லாவிட்டால் அங்கே தெரியும் மருத்துவப் பதிவை வைத்து நீங்கள் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனீர்கள் என்பது தெரிந்துவிடும்.

வாங்கலாமா? கார்டு இலவசம், குடியிருப்பவருக்குப் பயன் நிறைய, வாங்குங்கள். 2025 ஜூன் 24 முதல் ஐபோனிலும் ஏற்றிக்கொள்ளலாம். வீடு மாறும்போது பழைய ஊரிலிருந்து வெளியேறும் அறிவிப்பை மைனா போர்ட்டலிலேயே கொடுத்துவிடலாம். 2023 பிப்ரவரி முதல் அந்த வசதி இருக்கிறது. புதிய ஊரில் சேரும் அறிவிப்புக்கு மட்டும் நேரில்தான் போக வேண்டும்: குடிபுகுந்த 14 நாளுக்குள், குடும்பத்தார் எல்லாருடைய கார்டும், ஒவ்வொன்றின் 4 இலக்க எண்ணும், வெளிநாட்டவர் என்றால் எல்லாருடைய வசிப்பு அட்டையும் கையில் இருக்க வேண்டும். குழந்தையின் எண்ணை மறந்து போகிறவர்கள்தான் அதிகம். மார்ச் கடைசி வாரமும் ஏப்ரல் முதல் வாரமும் நாடே வீடு மாறும் காலம். முடிந்தால் அந்த நாட்களைத் தவிர்த்து, வாரத்தின் நடுவில், கவுண்ட்டர் திறந்ததும் போய்ச் சீட்டு எடுத்துவிடுங்கள்.